ஜான் டென்வர் பாட்டை நம் ஊர் ஏன் விடமாட்டேன் என்கிறது?

சிப்புட்காரன்

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் எந்தக் கல்யாண விருந்தாக இருந்தாலும் சரி, கரோக்கே மைக் ஐம்பது வயதைத் தாண்டியவர் கைக்குப் போனால் என்ன பாட்டு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலில் ஒரு டி.எம்.எஸ். அப்புறம் ஒரு பி.பி.ஸ்ரீனிவாஸ். மூன்றாவதாக, நாட்டுப்புறப் பாடகர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் அமெரிக்கர் ஜான் டென்வரின் 'கன்ட்ரி ரோட்ஸ்'. அதுவரை பிரியாணியை விட்டுத் தலை நிமிராதவர்கள்கூட அந்த மூன்றாவது பாட்டுக்குக் கூடவே பாடுகிறார்கள்.

பாட்டு வந்தது 1971இல். பாடியவர் 1997 அக்டோபர் 12 அன்று, தானே ஓட்டிய சிறு விமானம் கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 53. பாட்டில் வரும் மலையையும் ஆற்றையும் நம் ஆட்கள் பார்த்ததில்லை. பிறகு ஏன் அது இங்கே இப்படி ஒட்டிக்கொண்டது?

என் கணக்கைச் சொல்கிறேன். டென்வருக்குச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் இல்லை. அப்பா அமெரிக்க விமானப்படை அதிகாரி. ரோஸ்வெல்லில் பிறந்து, டூசான், மாண்ட்காமரி, ஃபோர்ட் வொர்த் என்று மாற்றல் உத்தரவுக்குப் பின்னாலேயே ஓடி வளர்ந்தவர். 'டென்வர்' என்பதுகூட கொலராடோவின் தலைநகரத்திலிருந்து எடுத்து வைத்துக்கொண்ட பெயர். பெற்றோர் வைத்தது ஹென்றி ஜான் டாய்ச்செண்டார்ஃப். அப்படிப்பட்டவர் வீடு திரும்புவதைப் பற்றிப் பாடும்போது அந்த ஏக்கம் எந்த ஊருக்கும் பொருந்துகிறது. ரப்பர் தோட்டத்தை விற்று, லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்து, டவுனுக்கு அனுப்பப்பட்டவர்கள் அதற்குள் தங்கள் தோட்டத்தை வைத்துப் பாடினார்கள் என்று நினைக்கிறேன்.

வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள். "நல்ல பாட்டு, அதனால் நிற்கிறது" என்று மட்டும் முடித்துவிட வேண்டாம். எத்தனையோ நல்ல பாட்டுகள் போன இடம் தெரியவில்லை.

ஈப்போரோடு

அண்ணே, கருத்து நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பாட்டை டென்வர் தனியாக எழுதவில்லை. பில் டானஃப், டாஃபி நிவர்ட் என்ற இருவர் மேரிலாந்தில் கிளாப்பர் ரோடு என்ற சாலையில் காரில் போனபோது ஆரம்பித்த பாட்டு அது. கன்ட்ரி பாடகர் ஜானி கேஷிடம் கொடுக்கலாம் என்றுதான் வைத்திருந்தார்கள். 1970 டிசம்பர் கடைசியில் வாஷிங்டனில் செல்லர் டோர் என்ற கிளப்பில் டென்வர் பாட வந்தார். நிகழ்ச்சி முடிந்து போகும்போது கார் விபத்தில் அவருடைய கட்டைவிரலில் அடி. மருத்துவமனைக்குப் போய்விட்டு அவர்கள் வீட்டுக்கு வந்தவரிடம் இந்தப் பாதிப் பாட்டைக் காட்டியிருக்கிறார்கள். மூன்று பேருமாக உட்கார்ந்து விடியற்காலைக்குள் முடித்துவிட்டார்கள்.

இன்னொன்று. பாட்டில் வீடு என்று பாடப்படுவது மேற்கு வர்ஜீனியா மாநிலம், ஆனால் அப்போது டானஃப் அங்கே கால் வைத்ததே இல்லை. பாட்டில் வரும் மலைத்தொடரும் ஆறும் பெரும்பாலும் பக்கத்து வர்ஜீனியாவில்தான் இருக்கின்றன, மேற்கு வர்ஜீனியாவில் ஓர் ஓரம் மட்டும். ஆனாலும் அந்த மாநிலம் 2014இல் இதைத் தன் அதிகாரப்பூர்வப் பாடல்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. சிப்புட்காரன் அண்ணன் சொல்வதற்கு இது இன்னும் பலம்தான் சேர்க்கிறது. எழுதியவரே பார்க்காத ஊர் என்றால், நாம் பார்க்கவில்லை என்பது ஒரு குறையா?

பில்போர்டு என்ற அமெரிக்கப் பாடல் தரவரிசையில் இது இரண்டாம் இடம் வரைதான் போனது. முதலிடம் பிடித்தவை 'சன்ஷைன் ஆன் மை ஷோல்டர்ஸ்', 'ஆனிஸ் சாங்' (இரண்டும் 1974), 'தேங்க் காட் ஐ'ம் அ கன்ட்ரி பாய்', 'ஐ'ம் சாரி' (இரண்டும் 1975). இதில் அந்த 'கன்ட்ரி பாய்' பாட்டை எழுதியது அவர் குழுவில் இருந்த ஜான் சோமர்ஸ். நம் ஊர் விருந்தில் 'ஐ'ம் சாரி'யை யாராவது பாடி நீங்கள் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. முதலிடம் வந்தது மறந்துபோய், இரண்டாமிடம் நிற்கிறது. காரணம் தேடுவதென்றால் அங்கிருந்து தேட வேண்டும்.

மூணாம்லயம்

தோட்டத்து மக்கள் டென்வரில் தங்கள் ஊரைக் கண்டார்கள் என்பதெல்லாம் இப்போது உட்கார்ந்து யோசிப்பது. எந்தத் தோட்டத்து மக்கள்? அதைக் கேளுங்கள்.

எங்கள் லயத்தில் ராத்திரி மின்சாரமே நேரம் வைத்துத்தான் வரும். பேட்டரி ரேடியோவில் தமிழ் ஒலிபரப்பு ஓடும், வாரத்தில் ஒரு நாள் திடலில் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். இங்கிலீஷ் பாட்டு கேட்டது கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீடு, டிரெசர் (தோட்டத்தில் மருந்து கொடுப்பவர்) வீடு. அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் டவுனில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். கித்தார் வாங்கிக் கொடுக்கும் அளவுக்கு அங்கேதான் காசும் இருந்தது. பால் வாளி தூக்கியவன் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, இடைநிலைப் பள்ளிக்கு முந்திய புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து, அதோடு பாதிப் பேர் தீம்பாருக்கே (பால்மரக் காட்டுக்கே) திரும்பினார்கள்.

இங்கே ஒரு கணக்கும் இருக்கிறது. ஆங்கிலப் பள்ளிகள் 1970இல் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய் வழிக்கு மாறின. டென்வரின் உச்சம் 1971இலிருந்து 1975 வரை. ஆங்கிலத்தில் படித்த கடைசித் தலைமுறை இளவட்டமாக இருந்த காலமும் அதேதான். அவர்கள் பிறகு வாத்தியார் ஆனார்கள், வங்கியில் சேர்ந்தார்கள், இப்போது கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்திருப்பதும் அவர்களே. அவர்கள் வாலிபத்தில் கேட்டதை இன்று ஊரின் பாட்டு என்கிறோம். ஊரில் பாதிப் பேருக்கு அது யார் வீட்டுப் பாட்டோ.

ஒட்டுப்பால்

மூணாம்லயம் அண்ணே, கிராணி மேல் உள்ள கோபத்தை ஜான் டென்வர் மேல் இறக்குவது நியாயமா? அந்த ஆள் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து உங்கள் பேரை வெட்டினாரா?

சந்தம்

இசை சொல்லிக் கொடுக்கிறவள் என்பதால் பாட்டின் உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். ஈப்போரோடு கேட்ட கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது.

'லீவிங் ஆன் அ ஜெட் பிளேன்' மொத்தமும் மூன்று கார்டுதான் (ஒன்றாக மீட்டும் சுரக்கூட்டு). ஜி, சி, டி. கித்தாரை அன்று காலையில் கையில் எடுத்தவன் சாயங்காலம் அதை ஓரளவு வாசித்துவிடுவான். 'கன்ட்ரி ரோட்ஸ்' அதைவிடச் சற்றுக் கூடுதல், ஒரு மைனர் கார்டும் நடுப்பகுதியில் ஒரு எஃப் கார்டும் வரும். ஆனால் பல்லவிக்கு வரும்போது மெட்டு மேலே ஏறுகிறது, சொற்களின் உயிரெழுத்துகள் நீண்டு நிற்கின்றன. சரணம் தெரியாதவனும் பல்லவியில் வந்து சேர்ந்துகொள்ளலாம். வார்த்தை தப்பினாலும் யாருக்கும் கேட்காது. கூட்டமாகப் பாடுவதற்கு இதைவிட வசதி வேண்டாம்.

'ஐ'ம் சாரி' அப்படி இல்லை. அது ஒருத்தன் ஒருத்தியிடம் தனியாகச் சொல்லும் மன்னிப்பு. அதில் இருபது பேர் எப்படிச் சேர முடியும்? 'ராக்கி மவுண்டன் ஹை' அழகான பாட்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான், ஆனால் வரிகள் நீளம், சொற்கள் நெருக்கம், புத்தகம் பார்க்காமல் பாட முடியாது. அதனால் அது கேட்கிற பாட்டாகவே நின்றுவிட்டது.

'ஆனிஸ் சாங்' தனி ரகம். அது மூன்று மூன்றாக நடக்கும் பாட்டு, நம் கணக்கில் திஸ்ரம். நம் தாலாட்டிலும் கும்மியிலும் அந்த நடை நிறைய உண்டு. தோட்டத்தில் வளர்ந்த காது அதை அந்நியமாக நினைக்கவில்லை என்றால் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆஸ்பென் பனிமலையில் சறுக்கப் போன டென்வர் மேலே ஏறும் இழுவை நாற்காலியில் உட்கார்ந்தபடி மனைவிக்காக மனத்திலேயே கட்டிய பாட்டு அது. மனைவி பெயர் ஆனி, ஆனால் பாட்டுக்குள் அந்தப் பெயர் ஓரிடத்திலும் வராது. அதனால்தான் யார் கல்யாணத்துக்கும் பொருந்துகிறது. அவர்கள் பிறகு பிரிந்துவிட்டார்கள் என்பதைக் கல்யாண வீட்டில் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை, அதுவும் நல்லதுதான்.

சிப்புட்காரன்

டீச்சர், நன்றி. பல்லவியில் சேர்ந்துகொள்ளும் விஷயத்தை நான் யோசிக்கவில்லை.

மூணாம்லயம் சொன்ன பள்ளிக்கூடக் கணக்கில் உண்மை இருக்கிறது. ஆனால் அதோடு நின்றால் இளையவர்களை விளக்க முடியாதே. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) திருட்டு கேசட் வந்த பிறகு டென்வர் கிராணி வீட்டோடு நிற்கவில்லை. எண்பதுகளில் சிங்கப்பூருக்கும் பினாங்கு தொழிற்சாலைகளுக்கும் பையன்கள் கிளம்பியபோது, முதல் நாள் ராத்திரி லயத்துக்குப் பின்னால் கித்தாரை வைத்துக்கொண்டு 'ஜெட் பிளேன்' பாடியவர்களில் யாருடைய அப்பாவும் கிராணி இல்லை. போனது பஸ்ஸில். பாடியது விமானத்தை. நாங்கள் 'கன்ட்ரி ரோட்ஸில்' மாநிலத்தின் பெயரை எடுத்துவிட்டு எங்கள் தோட்டத்தின் பெயரைப் போட்டுப் பாடுவோம். அளவு சரியாக உட்காராது, கடைசி எழுத்தை இழுத்துச் சரிக்கட்டுவோம்.

ஈப்போரோடு

பெயரை மாற்றுவதில் நீங்கள் தனியாள் இல்லை அண்ணே. ஜமைக்காவின் டூட்ஸ் அண்ட் த மேடல்ஸ் குழுவினர் எழுபதுகளிலேயே அதைத் தங்கள் ஊர் ரெகே இசையாக்கி, மேற்கு வர்ஜீனியாவை மேற்கு ஜமைக்கா ஆக்கிப் பாடிவிட்டார்கள்.

'ஜெட் பிளேன்' கதையும் இப்படித்தான், ஆளுக்கு ஆள் கை மாறி வந்தது. 1966இல் எழுதியபோது அதற்கு வேறு தலைப்பு. கிறிஸ்துமஸுக்கு நண்பர்களுக்குக் கொடுக்க டென்வர் சொந்தச் செலவில் ஓர் இசைத்தட்டு அடித்தார், அதில் இருந்த பாட்டு. தயாரிப்பாளர் மில்ட் ஓகன் சொல்லித் தலைப்பை மாற்றினார். பீட்டர், பால் அண்ட் மேரி என்ற மூவர் குழு 1967இல் பதிவு செய்தார்கள். 1969 டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம் வந்தது. அந்த மூவருக்கும் கிடைத்த ஒரே முதலிடம் அதுதான். டென்வர் அப்போது வெளியே பெரிதாக அறியப்படாத ஆள்.

உறுமிப்பையன்

நான் இந்த இழையில் வயதில் சின்னவன், மன்னிக்கவும். எங்கள் உறுமி மேளக் குழுவில் எல்லாரும் முப்பதுக்குள். எங்களுக்கு டென்வர் என்றால் வாத்தியார் பிரியாவிடையில் பாடும் பாட்டு, அவ்வளவுதான். பிடிக்காது என்று இல்லை. பாடச் சொன்னால் பாடுவோம்.

ஆனால் "நல்ல பாட்டுகள் போன இடம் தெரியவில்லை" என்று சிப்புட்காரன் அண்ணன் எழுதியிருக்கிறார். எல்லாம் போகவில்லை. முனியாண்டி பாட்டும் மதுரைவீரன் பாட்டும் இன்றைக்கும் ஓடுகின்றன. தோட்டமே இல்லாமல் போன இடத்தில்கூட கோயில் நிற்கிறது, திருவிழாவுக்கு ஷா ஆலமிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள், உறுமி அடித்தால் வரிக்கு வரி கூடப் பாடுகிறார்கள். எங்கள் குழுவே புதுப் பாட்டு கட்டுகிறது, பழைய மெட்டில். எழுதியவன் பேர் இரண்டு வருஷத்தில் மறந்துவிடும், பாட்டு அடுத்த குழுவுக்குப் போய்விடும். நாட்டுப்பாடல் என்று தேடினால் அதுதானே? பேர் போட்டு, இசைத்தட்டு விற்று, முதலிடம் இரண்டாமிடம் என்று எண்ணுகிற ஆளை எப்படி நாட்டுப்புறப் பாடகர் என்கிறீர்கள்?

ஈப்போரோடு

தம்பி கேட்டதை அமெரிக்காவிலேயே கேட்டுவிட்டார்கள். 1975இல் அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியின் சங்கம், கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன், டென்வரை அந்த ஆண்டின் தலைசிறந்த கலைஞராகத் தேர்ந்தெடுத்தது. முந்தைய ஆண்டின் வெற்றியாளர் சார்லி ரிச் மேடையில் உறையைப் பிரித்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து அந்தச் சீட்டுக்குத் தீ வைத்துக்கொண்டே பெயரை வாசித்தார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். கன்ட்ரிக்காரர்களுக்கு அவர் பாப்காரர். ராக் விமர்சகர்களுக்கு அவர் ஒரு சர்க்கரைப்பாகு. கிராமி விருதுகூட அவர் இறந்த பிறகு, 1998இல், ஒரு குழந்தைகள் பாட்டுத் தொகுப்புக்குத்தான் கிடைத்தது.

நல்ல பிள்ளை என்று கேலி செய்யப்பட்டவர், ஆனால் 1985இல் பாட்டு வரிகளுக்கு எச்சரிக்கை முத்திரை போடுவது பற்றி அமெரிக்க செனட் விசாரித்தபோது, தணிக்கைக்கு எதிராகப் போய்ச் சாட்சி சொன்னார். 'ராக்கி மவுண்டன் ஹை' போதைப்பொருளைப் பற்றியது என்று சொல்லிச் சில வானொலிகள் ஒதுக்கியதை அங்கே எடுத்துச் சொன்னார். மலையில் விண்மீன்கள் உதிர்வதைப் பார்த்த பரவசத்தைப் பற்றிய பாட்டு அது. தலைப்பில் 'ஹை' என்ற சொல் (போதை என்றும் பொருள்படும்) இருந்தது போதும், ஆகாது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆயாக்கொட்டகை

ஆண்கள் எல்லாரும் கித்தார், மைக் என்று பேசுகிறீர்கள். தோட்டத்தில் பாட்டு அதிகம் யாரிடம் இருந்தது? எங்கள் அம்மா, அப்பாயி தலைமுறைப் பெண்களிடம்.

அவர்கள் பாட்டு ஏன் நிற்கவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம், பாடுவதற்கான வேலையே போய்விட்டது. தமிழ்நாட்டில் நடவுப் பாட்டு என்றால் பத்து இருபது பேர் வரிசையாகக் குனிந்து நடுவார்கள், ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ரப்பர் பால்மரம் அப்படி இல்லை. ஆளுக்கு ஒரு நெரை (மர வரிசை). வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று விடியுமுன்னே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு தனியாகப் போக வேண்டும். பயத்துக்குப் பாடியதும் உண்டு, அலுப்புக்குப் பாடியதும் உண்டு, ஆனால் வாங்கிப் பாட ஆள் இல்லை. புல் வெட்டும் கூட்டத்திலும் உரம் போடும் கூட்டத்திலும்தான் சேர்ந்து பாடினார்கள். கங்காணியைக் கிண்டல் செய்யும் வரிகள் அங்கே பிறந்தவை, அவன் வருவதைப் பார்த்ததும் சாமி பாட்டாக மாறிவிடும்.

அப்புறம் ரப்பருக்குப் பதில் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. குலை வெட்டுவதும் தூக்குவதும் வேறு மாதிரி வேலை, வேறு ஆட்கள். தாலாட்டுக்குத் தொட்டில் இருந்தது, இப்போது போனில் போட்டுவிடுகிறார்கள். ஒப்பாரிக்குச் சாவு வீடு இருந்தது, இப்போது அழுகிறவர்களைச் சத்தம் போடாதே என்கிறோம். உறுமிக்குத் திருவிழா இருக்கிறது, அதனால் தம்பியின் பாட்டு வாழ்கிறது. டென்வருக்குப் பிரியாவிடையும் விருந்தும் இருக்கின்றன. எங்கள் அப்பாயி பாட்டுக்கு இன்று எந்த நாளும் இல்லை. மெட்டு நன்றாக இருந்ததா, சொல் நன்றாக இருந்ததா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூணாம்லயம்

அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன். சாவு வீட்டில் ஒப்பாரியை நிறுத்தச் சொன்னது யார்? படித்த பிள்ளைகள். "நாகரிகமாக இருக்கட்டும்" என்றவர்கள். அதே பிள்ளைகள் விருந்தில் இங்கிலீஷ் பாட்டைக் கூச்சமில்லாமல் பாடுகிறார்கள். ஒன்றை ஒளித்தோம், இன்னொன்றைக் காட்டிக்கொண்டோம். நாள் இல்லாமல் போனது தானாக நடந்தது போல எழுதாதீர்கள். அதில் நம் கையும் இருக்கிறது.

டென்வர் மேல் எனக்குப் பகை இல்லை, ஒட்டுப்பால் கவலைப்பட வேண்டாம்.

ஒட்டுப்பால்

கவலை எனக்கு வேறு. போன திருவிழா முடிந்த ராத்திரி மண்டபத்துக்குப் பின்னால் 'கன்ட்ரி ரோட்ஸ்' பாடியவர்களில் ஒருவர் மூணாம்லயம் அண்ணன் குரலில் பாடினார். இருட்டாக இருந்தது, அதனால் யார் என்று சொல்லமாட்டேன். பல்லவியில் மட்டும்தான் சேர்ந்தார், டீச்சர் சொன்னது போலவே.

மூணாம்லயம்

இருட்டில் பாடியதெல்லாம் சாட்சியாகாது.

சிப்புட்காரன்

என் ஊர் ஏக்கக் கணக்கை நான் விடவில்லை, ஆனால் ஆயாக்கொட்டகை சொன்னது அதைவிடக் கனமானது. பாட உட்காருவதற்கு ஒரு நாள் வேண்டும், சேர்ந்துகொள்ள ஒரு பல்லவி வேண்டும். ஏக்கம் அதற்கு அடுத்ததுதான். 'ஐ'ம் சாரி'யிலும் ஏக்கத்துக்குக் குறைவில்லை, ஆனால் அதை எங்கே எப்போது கூட்டமாகப் பாடுவது?

அக்கா, உங்கள் அப்பாயி பாட்டில் உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது? ஒரு நான்கு வரி இருந்தாலும் போனில் பாடிப் பதிவு செய்து டீச்சரிடம் கொடுங்களேன். உறுமிப்பையன் குழு அதை எடுத்துக்கொண்டு திருவிழாவில் வைக்கலாம்.

ஆயாக்கொட்டகை

கங்காணிக் கிண்டல் பாட்டு முழுதாக ஞாபகம் இருக்கிறது. சில வரிகளைக் கோயிலில் பாட முடியாது. அவற்றை விட்டுவிட்டுப் பாடினால் பாட்டே இல்லை. விடாமல் பாடினால் கமிட்டிக்காரர்கள் மின்சாரத்தை நிறுத்துவார்கள்.

உறுமிப்பையன்

அக்கா, முழுதாகவே அனுப்புங்கள். கோயிலில் பாடாவிட்டால் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி பந்தலில் பாடுவோம். அங்கே இதைவிட மோசமாகவெல்லாம் பாடுகிறார்கள். மெட்டு திஸ்ரமா?

ஆயாக்கொட்டகை

அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. மண்வெட்டி விழும் கணக்கில் பாடுவது. பாடி அனுப்புகிறேன், நீங்களும் டீச்சரும் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒட்டுப்பால்

டீச்சர், கடைசியாக ஒரு சந்தேகம். இசைத்தட்டோடு சேர்த்து 'கன்ட்ரி ரோட்ஸ்' வாசித்தால் என் ஜி கார்டு ஒத்துவரமாட்டேன் என்கிறது. கித்தாரில் கோளாறா, என்னிடமா?

சந்தம்

இரண்டிலும் இல்லை. டென்வர் பதிவு செய்தது ஏ சுருதியில். கித்தார் கழுத்தில் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்தும் பிடிப்பான்) போட்டு அதே ஜி கார்டைப் பிடியுங்கள், சரியாக வரும். விருந்தில் வாசிப்பதானால் கேப்போவைக் கழற்றிவிடுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் அந்தப் பல்லவிக்கு ஏ கொஞ்சம் உயரம்.